பித்தளையின் இரண்டு தோல்கள்

லைக்கா எம்3 கேமராவின் முகப்பில், லென்ஸுக்கு மேலே, மூன்று சன்னல்கள் இருக்கும். அவற்றைச் சுற்றி மெல்லிய வரம்பு எழுப்பியிருப்பார்கள். குரோம் பூசிய எம்3 ஒன்று கைக்குக் கிடைத்தால் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் இடத்துக்கு எடுத்துப் போய் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். வரம்பின் ஒரு பக்கம் வெளுக்கும், மறுபக்கம் சாம்பல் நிறத்துக்கு இறங்கும். ரீவைண்ட் குமிழ் இருக்கும் ஓரத்தில் மேல்தகடு ஒரு படி தாழ்வது அப்போதுதான் தெளிவாகத் தெரியும். அதே எம்3 கறுப்பில் இருந்தால் இந்த நுணுக்கங்கள் பாதிக்குமேல் இருட்டுக்குள் போய்விடும். முழு உருவமும் ஒரே வீச்சில் கண்ணில் படும், வெள்ளை எழுத்துகள் முன்னால் வந்து நிற்கும்.

பழைய ஃபிலிம் கேமரா வாங்கக் கிளம்புகிறவர்களில் பலர் இந்த இரண்டு நிறங்களுக்கு நடுவில் வாரக்கணக்கில் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். ‘எது அழகு?’ என்று கேட்டுக்கொண்டிருந்தால் தவிப்பு தீராது. இந்தத் தோல் எப்படிப் போடப்பட்டது, அடியில் என்ன இருக்கிறது, இருபது வருடம் கையில் புழங்கினால் என்ன ஆகும் என்று பார்க்கத் தொடங்கினால் கண் பழகிவிடும்.

குரோமிலிருந்து தொடங்குவோம். நல்ல பழைய கேமராக்களின் மேல்தகடும் அடித்தகடும் பித்தளை. அந்தப் பித்தளையின் மேற்பரப்பை முதலில் மிக நுண்ணியதாகச் சொரசொரப்பாக்குவார்கள். பிறகு நிக்கல் முலாம், அதற்கு மேல் மிக மெல்லிய குரோமியம். கண்ணாடிபோல் பளிச்சிடாமல் பனி படர்ந்ததுபோல் அது மங்கி ஒளிர்வதற்குக் காரணம், அடியில் இருக்கும் அந்தச் சொரசொரப்பு. வெளிச்சத்தை ஒரே திசையில் திருப்பி அனுப்பாமல் சிதறவிடுகிறது. ஒவ்வொரு நிறுவனமும் இந்த மங்கலை வேறு வேறு அளவில் வைத்தது. ஐம்பதுகளின் லைக்கா ஒன்றையும் எழுபதுகளின் ஜப்பானியக் கேமரா ஒன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வெள்ளி நிறத்திலேயே எத்தனை வகை என்று வியப்பாக இருக்கும்.

ஆனால் இரண்டில் கறுப்புதான் பழசு. 1925-இல் லைப்சிக் கண்காட்சிக்கு வந்த முதல் லைக்கா கறுப்பு அரக்குப் பூச்சில் இருந்தது. குமிழ்களும் விளிம்புகளும் நிக்கல். 1932-இல் வந்த முதல் காண்டாக்ஸும் கறுப்பு. லைக்காவுக்குக் குரோம் 1933-இல் வந்தது, காண்டாக்ஸுக்கு 1936-இன் இரண்டாம் மாடலில். அன்றைக்குக் குரோம்தான் புதுமை: எளிதில் கீறல் விழாது, வியர்வை தாங்கும், கடைக் கண்ணாடிக்குப் பின்னால் எடுப்பாக இருக்கும். ஐம்பதுகளுக்குள் நிலைமை தலைகீழானது. 1954-இல் எம்3 வந்தபோது குரோம் எல்லோருக்கும் உரிய சாதாரண நிறமாகிவிட்டது, கறுப்பு கேட்டு வாங்குகிற நிறமானது. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் கேட்டார்கள். அவர்களில் ஒருவரான டேவிட் டக்ளஸ் டங்கனுக்காக 1955-இல் லைக்கா தயாரித்த எம்3டி என்ற கறுப்புக் கேமராக்கள் மொத்தம் நான்கு. அவற்றில் ஒன்று 2012-இல் வியன்னாவில் 16.8 லட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று. 1959-இல் வெளிவந்த நிக்கான் எஃப் விஷயத்திலும் இதே கதைதான். கறுப்பு என்றால் தொழில்காரரின் கருவி என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது.

அந்த எண்ணத்துக்குள் எவ்வளவு உண்மை? புகைப்படக்காரர் கார்த்தியே-பிரஸ்ஸோன் தன் லைக்காவின் பளபளப்பைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தார் என்பது பிரபலமான செய்தி. ஆனால் தெருவில் மனிதர்கள் கேமராவின் நிறத்தைக் கவனிப்பதில்லை. கை எப்படி உயர்கிறது, நிற்பவர் தயங்குகிறாரா என்பதைத்தான் கவனிக்கிறார்கள். தயங்கித் தயங்கிக் கறுப்புக் கேமராவைத் தூக்குகிறவரைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கறுப்புக்கு உண்மையான பயன் ஒன்று உண்டு: பேருந்துச் சன்னல், கடைக் கண்ணாடி, அருங்காட்சியகப் பேழை வழியாகப் படமெடுக்கும்போது குரோம் முகப்பு கண்ணாடியில் வெளிறித் தெரியும், கறுப்பு தெரியாது. குரோமுக்கும் ஒன்று உண்டு, அது நம் ஊர் வெயிலுக்குப் பொருந்தும். சுட்டெரிக்கும் மதியத்தில் திறந்தவெளியில் வைத்த கறுப்பு பாடி, குரோம் பாடியைவிடச் சீக்கிரம் சூடேறும். உள்ளே இருக்கும் ஃபிலிமுக்குச் சூடு ஆகாது. கேனான் தன் பெரிய டெலி லென்ஸ்களுக்கு வெள்ளை பூசியதும் வெயிலின் சூட்டைக் குறைக்கத்தான். படத்தின் தரத்தில் மட்டும் இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. எந்த நிறக் கேமராவானாலும் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே உள்ள அறை கறுப்புதான்.

இனி தேய்மானம். கறுப்புப் பெயிண்ட்டை ரசிக்கத் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது விளிம்புகளை. விரல் படும் இடங்களில் பெயிண்ட் மெலிந்து, கறுப்பு முதலில் பழுப்பாகி, பிறகு பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்க்கும். ஃபிலிம் சுற்றும் லீவரின் முனை, வார் வளையம் உரசும் இடம், அடித்தகட்டின் ஓரங்கள், நிக்கான் எஃப் என்றால் வ்யூஃபைண்டர் கூம்பின் கூரிய மடிப்புகள். பழைய வீட்டுக் கதவின் கைப்பிடியைப்போல, அந்தக் கேமராவை எப்படிப் பிடித்தார்கள் என்று அந்த மஞ்சள் சொல்லிவிடும். வலது பக்கம் அதிகம் தேய்ந்திருந்தால் வாரில்லாமல் கையிலேயே பிடித்துத் திரிந்தவர் வைத்திருந்திருக்கலாம். கழுத்தில் மாட்டி நடந்தவரின் கேமரா பின்பக்கம் தேயும், சட்டைப் பொத்தான்களின் உபயம்.

இந்தத் தோற்றத்துக்கு இருக்கும் மோகம் கொஞ்சநஞ்சமல்ல. 2015-இல் பாடகர் லென்னி கிராவிட்ஸின் பெயரில் வந்த ‘கரஸ்பாண்டன்ட்’ என்ற 125 லைக்காக்களுக்குத் தொழிற்சாலையிலேயே தேய்மானம் செய்து கொடுத்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யார் கையும் தேய்க்காத தேய்மானத்தில் படிக்க எதுவும் இல்லை.

எழுபதுகளில் மூன்றாவதாகக் கறுப்புக் குரோம் வந்தது. இது பெயிண்ட் இல்லை, முலாம். லைக்கா எம்5-இலும் பிற்காலத்து எம்4-களிலும் இதைப் பார்க்கலாம். மினுமினுப்பு குறைவு, உரம் அதிகம். எளிதில் தேயாது, தேய்ந்தாலும் பெயிண்ட் தரும் ஆழமான மஞ்சள் கிடைப்பது அரிது. உழைப்புக்கு நல்லது என்று மதிக்கிறேன், மனம் ஒட்டவில்லை.

வாங்கும்போது தோலுக்கு அடியில் இருப்பதைக் கேட்காமல் விடாதீர்கள். 1976-இல் வந்த கேனான் ஏஇ-1-இன் வெள்ளி மேல்மூடி பிளாஸ்டிக், அதன்மேல் உலோக முலாம். அது கெட்ட கேமரா இல்லை, மில்லியன் கணக்கில் விற்ற அருமையான கேமரா. பித்தளைக் கனமும் குளிர்ச்சியும் மட்டும் அதில் கிடைக்காது. 1984-இன் லைக்கா எம்6-க்கு மேல்தகடு துத்தநாக வார்ப்பு. சிலவற்றில் பூச்சுக்கடியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழும்பியிருக்கும், விரலால் தடவினால் தெரியும். 2022-இல் அதே எம்6-ஐ மறுபடி வெளியிட்டபோது பித்தளைக்கே திரும்பினார்கள். குரோமில் பார்க்க வேண்டியது ஊசிமுனைப் புள்ளிகள். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் வியர்வையும் முலாமின் நுண்துளை வழியாக இறங்கி உலோகத்தை அரிக்கும். திருகுகளைச் சுற்றிப் பச்சை படிந்திருந்தால் உள்ளேயும் ஈரம் போயிருக்குமோ என்று சந்தேகப்படுங்கள்.

கறுப்புக்கு விலை அதிகம் என்பதால் குரோமை உரித்துக் கறுப்பு பூசி விற்பதும் நடக்கிறது. செதுக்கிய எழுத்துகளின் ஓரம் பெயிண்ட்டால் மழுங்கியிருக்கிறதா, திருகின் பள்ளத்தில் பெயிண்ட் தேங்கியிருக்கிறதா, கை படாத இடத்தில் பித்தளை தெரிகிறதா என்று பாருங்கள். மறுபூச்சு என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. சொல்லாமல் பழைய கறுப்பின் விலை கேட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

லென்ஸையும் கூடவே யோசிக்க வேண்டும். குரோம் பாடியில் கறுப்பு லென்ஸ் தாராளமாகப் பொருந்தும். கறுப்பு பாடியில் குரோம் லென்ஸ் எனக்கு உறுத்தும், சிலருக்கு அதுவே பிடிக்கும். எடையையும் கணக்கில் வையுங்கள். லைக்காவின் 50 மி.மீ. சும்மிக்ரான் லென்ஸின் பிற்கால வடிவத்தில் கறுப்பு அலுமினியம், குரோம் பித்தளை. இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 100 கிராம் வித்தியாசம், கழுத்துக்குத் தெரியும்.

முதல் கேமரா வாங்குகிறவருக்கு நான் குரோமைத்தான் சொல்வேன். அதே மாடல், அதே இயந்திரம், பெரும்பாலும் குறைந்த விலை. மிச்சமாகும் பணத்தில் ஷட்டரைச் சரிபார்த்து, பழைய எண்ணெயைத் துடைத்து, வெளிச்சம் கசியும் நுரைப்பட்டைகளை மாற்றிவிடலாம். எம்3 போல, குரோமை மனத்தில் வைத்தே வரம்பும் படியும் செதுக்கிய உடல் என்றால் குரோமைத் தவிர வேறு எதையும் நினைக்க வேண்டாம். கூரிய முகங்களும் பெரிய தட்டைப் பரப்புகளும் கொண்ட நிக்கான் எஃப், அதுவும் தினமும் கூடவே வரப்போகிறது என்றால், கறுப்புப் பெயிண்ட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் போகாது. ஆனால் அதை உறைக்குள் பூட்டி வைக்காதீர்கள். பித்தளை தெரிய பல வருடங்கள் ஆகும், அந்த வருடங்களில் நிறைய ரோல்கள் ஓட வேண்டும்.