கடைசி வரிசைக்கும் காது உண்டு

திறந்தவெளி இசை நிகழ்ச்சிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மேடைக்கு ரெண்டு பக்கமும் கறுப்புப் பெட்டிகளைச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். மேலே நேராக இருக்கும் சரம், கீழே வரவர உள்ளே வளைந்து 'ஜே' எழுத்து மாதிரி நிற்கும். பெயர் 'லைன் அரே'. 1992-ல் பிரான்ஸின் கிறிஸ்டியன் ஹெய்ல் கொண்டுவந்த 'வி-டாஸ்க்' வந்த பிறகுதான் உலக மேடைகளில் இது பரவியது.

அந்த வளைவு அழகுக்கு அல்ல. கணக்கு! சாதாரண ஸ்பீக்கரில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். 5 மீட்டரில் இருப்பவருக்கும் 80 மீட்டரில் இருப்பவருக்கும் 24 டெசிபல் வித்தியாசம். லைன் அரேயில், குறிப்பிட்ட தூரம் வரை, இரட்டிப்புக்கு 3 டெசிபல்தான் குறையும். மிச்சத்தைக் கோணம் பார்த்துக்கொள்ளும். தோட்டத்தில் தூரத்துச் செடிக்கு ஹோஸ் வாயை நெரித்துப் பீய்ச்சுவோம், காலடிச் செடிக்குத் தூவிவிடுவோம் இல்லையா? அதேதான். மேல் பெட்டிகள் நெருக்கமாகச் சேர்ந்து கடைசி வரிசையைக் குறிபார்க்கும். கீழ்ப் பெட்டிகள் விரிந்து முன்வரிசைக்குத் தூவும்.

இதற்கு மைதானத்தை அளக்க வேண்டும். அளந்ததைக் கொடுத்தால் எந்தப் பெட்டிக்கு எத்தனை டிகிரி என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும். ஆனால், சாயந்திரம் டிக்கெட் நன்றாகப் போகிறது என்று பின்னால் இன்னும் இருபது வரிசை நாற்காலி போட்டால்? அவர்கள் கணக்கிலேயே இல்லை. வால்யூமை ஏற்றினால் முன்வரிசைக்குக் காது அடைக்கும். பின்வரிசைக்கு அப்போதும் பாட்டு வரி புரியாது.

தூரத்தில் தனி ஸ்பீக்கர் வைப்பதும் சும்மா இல்லை. ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர்தான் ஓடும். 85 மீட்டர் தள்ளி வைத்தால், கால் நொடி தாமதித்து ஒலிக்கவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பல்லவி ரெண்டு தடவை கேட்கும்.

நம் விமர்சனங்களில் பாடகியின் பட்டுப்புடவை வரும், விளக்கு அலங்காரம் வரும். கடைசி வரிசைக்குப் பாட்டு கேட்டதா என்பது மட்டும் வராது. எப்படி வரும்? பத்திரிகைக்காரர்களுக்கு பாஸ் முன்வரிசையில்!

நான் படித்தது பி.காம். டிக்கெட் என்பது என்னைப் பொறுத்தவரை பில். காசு வாங்கிவிட்டுச் சரக்கை அனுப்பாவிட்டால் வியாபாரத்தில் அதற்கு வேறு பெயர்.

நிகழ்ச்சிக்கு முன் பாட்டை ஓடவிட்டு, சவுண்ட் இன்ஜினீயர் கடைசி நாற்காலி வரை ஒரு நடை போய் உட்கார்ந்து கேட்டாரா? அமைப்பாளர்களிடம் கேளுங்கள். அந்த நடைக்கு வாடகை கிடையாது.