தம்புராவோடு சேராத 100

இரவு பத்து மணிக்கு மேல் தெரு அடங்கிவிடும். பெரம்பலூரிலோ அரியலூரிலோ அந்நேரம் ஒருவர் ஹோம் தியேட்டரைப் போட்டால், பாட்டு தொடங்கும் முன்பே வூஃபர் 'ம்ம்ம்' என்று முனகுவதுண்டு. பகலில் பஸ் சத்தத்தில் மறைந்திருந்த முனகல்தான் அது.

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸும் சேர்ந்து இப்படி ஒலிக்கின்றன. கச்சேரி கேட்பவருக்கு இது தனி வேதனை. ஐந்து கட்டைச் சுருதியில் தம்புராவின் மந்தரத் தந்தி ஏறத்தாழ 98 ஹெர்ட்ஸில் அதிரும். அதன் அருகே 100 வந்து உட்கார்ந்தால், நொடிக்கு இரண்டு முறை ஓர் அலை எழுந்து விழும். எத்தனை கவனமாகச் சேர்த்த சுருதியும் கலைந்துபோகும்.

வீட்டுக்குள் இரண்டு எர்த் நுழைந்திருப்பதுதான் காரணம். ஆம்ப் வீட்டு எர்த்தில் நிற்கிறது. கேபிள் டிவி ஒயரின் பின்னல் உறையோ தெருக்கோடியில் வேறோர் எர்த்தைத் தொட்டுவிட்டு வருகிறது. இரண்டுக்கும் இடையே மின்னழுத்தம் கொஞ்சம் வேறுபட்டாலும் போதும், டிவியையும் ஆம்பையும் இணைக்கும் ஆர்சிஏ ஒயரின் உறை வழியே மின்சாரம் சுற்றத் தொடங்கிவிடும். அந்த உறைதான் பாட்டும் திரும்பிச் செல்லும் வழி. கலக்காமல் எப்படி இருக்கும்?

மண்ணுக்கும் இதில் பங்குண்டு. கரிசல் கோடையில் காய்ந்து பிளக்கும்போது, புதைத்த எர்த் குழாயைச் சுற்றி இடைவெளி விழுந்து எர்த் பலவீனமாகும். கரியும் உப்பும் போட்ட குழியில் சித்திரையில் தண்ணீர் ஊற்றச் சொல்லும் எலக்ட்ரீஷியன், இசைக்கும் சேர்த்தே அதைச் சொல்கிறார்.

நல்ல மெக்கானிக்கின் அழகு அவர் தேடும் முறையில் இருக்கிறது. எடுத்தவுடன் ஆம்பைத் திறக்கமாட்டார். ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் காதைக் கொடுப்பார். செட்டாப் பாக்ஸின் கேபிளைத் திருகி எடுத்த நொடியில் முனகல் நின்றால், ஆள் அகப்பட்டாயிற்று. எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் போர்டுக்குக் கொண்டுவருவார்; கேபிள் ஒயரில் ஐசொலேட்டர் மாட்டுவார். டிவியிலிருந்து ஆம்புக்கு ஆப்டிகல் கேபிள் போட்டால், அந்த இணைப்பில் ஒளி மட்டுமே போகும். மின்சாரம் சுற்ற வழியில்லை. வூஃபருக்குப் போகும் ஒயரில் சிறு ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரை நுழைப்பதும் உண்டு.

மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை வெட்டினாலும் சத்தம் நிற்கலாம். அதை ஒருநாளும் செய்யக் கூடாது. கருவிக்குள் கசிவு ஏற்பட்டால், அடுத்து அதைத் தொடுபவரின் உடம்பே எர்த்தாகிவிடும்.

வேலை முடிந்ததும் அவர் பாட்டு போடுவதில்லை. ஒலியை மட்டும் முழுதும் ஏற்றிவிட்டு, ஸ்பீக்கரை ஒட்டிக் காதை வைப்பார். மெல்லிய 'ஸ்ஸ்' மட்டும் கேட்கும். அது ஆம்புக்கே உரிய சத்தம். அதை அப்படியே விட்டுவிட்டு, ஒலியைக் குறைத்துத் தம்புராவை ஓடவிடுவார்.