சுருட்டுப் புகையும் மேய்ச்சல் பாதையும்

கேரன் பராட் எழுதிய 'மீட்டிங் த யூனிவர்ஸ் ஹாஃப்வே' நூலை நான் வாசித்து முடித்தது ராயப்பன்பட்டியில், எங்கள் வீட்டுத் திண்ணையில். 2007இல் ட்யூக் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட கனமான புத்தகம். நான் இயற்பியல் படித்தவள். பெண்ணிய வாசிப்பு பிறகுதான் வந்தது. பராட் துகள் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றுப் பெண்ணியக் கோட்பாட்டுக்கு வந்தவர். இரண்டையும் விட்டுக்கொடுக்காமல் பேசும் ஒருவரை அதுவரை நான் வாசித்ததில்லை. அந்த நூல் எனக்கு நிறையக் கொடுத்தது. அது கொடுக்காமல் விட்ட ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அதே குறை என்னிடமும் இருந்தது என்பதால் எழுதுகிறேன்.

நூலின் மையம் நீல்ஸ் போரின் ஒரு வாதம். ஒரு எலக்ட்ரானின் இடத்தை அளக்க வேண்டுமானால் கருவியின் தகடு அசையாமல் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். உந்தத்தை அளக்க வேண்டுமானால், மோதலில் தகடு எவ்வளவு தள்ளப்படுகிறது என்று பார்க்க, அது அசையக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரே தகடு ஒரே நேரத்தில் இறுகியும் அசைந்தும் இருக்க முடியாது. ஆகவே எந்தக் கருவி என்று சொல்லாமல் 'இடம்', 'உந்தம்' என்ற சொற்களுக்குப் பொருளே இல்லை என்றார் போர். பராட் இதற்கு மேல் ஒரு படி போய்க் கேட்கிறார்: அப்படியானால் கருவி எங்கே முடிகிறது? மேசை விளிம்பிலா, ஆய்வகச் சுவரிலா? அந்த எல்லையை இயற்கை போட்டுத் தரவில்லை. ஒவ்வொரு சோதனையிலும் அது புதிதாகப் போடப்படுகிறது. போட்ட கோட்டுக்குப் பொறுப்பும் உண்டு.

இதற்கு அவர் தரும் உதாரணம் புகழ்பெற்றது. 1922, பிராங்க்பர்ட். ஆட்டோ ஸ்டெர்னும் வால்டர் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களின் கற்றையைக் காந்தப்புலத்தின் வழியே அனுப்பி, அது இரண்டாகப் பிரிகிறதா என்று கண்ணாடித் தகட்டில் தேடினார்கள். முதலில் தகட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்டெர்ன் கிட்டத்தில் வைத்துப் பார்க்கப் பார்க்கக் கறுப்புத் தடம் எழுந்து வந்தது. பின்னாளில் அவரே விளக்கம் சொன்னார். தன் சம்பளத்துக்கு மட்டமான சுருட்டுதான் வாங்க முடியும். அதில் கந்தகம் அதிகம். தன் மூச்சுப் பட்டு வெள்ளி கறுத்துவிட்டது. நம் காலில் கிடக்கும் கொலுசு கறுப்பதும் இதே வேதியியல்தான். சுருட்டும் கருவியின் ஒரு பகுதி என்கிறார் பராட். சுருட்டோடு ஸ்டெர்னின் சம்பளமும், சுருட்டுப் பிடிப்பது ஆணுக்கு அழகு என்ற அந்தக் காலத்து வழக்கமும் ஆய்வகத்துக்குள் வந்துவிடுகின்றன.

இங்கே மாணவிகளுக்கு ஓர் எச்சரிக்கை. 'பெண் என்பவள் ஒரே நேரத்தில் பல நிலைகளில் இருக்கும் குவாண்டம் துகள்' என்று எழுதும் கட்டுரைகளைப் பார்க்கிறேன். 'நீ நினைத்தால் பிரபஞ்சம் மாறும்' என்று மேடையில் பேசுகிறவர்களும் குவாண்டத்தைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். இயற்பியலில் 'பார்த்தல்' என்பது மனதின் வேலை அல்ல. தகடோ கண்ணாடியோ இரும்போ, ஏதோ ஒரு பொருளில் தடம் பதிவதுதான் பார்த்தல். பல நிலைகளில் இருத்தல் என்பதும் கணக்கில் வரும் ஒரு கூட்டல். நியூட்ரினோவை எடுத்துக்கொள்வோம். அதில் எலக்ட்ரான், மியூவான், டௌ என்று மூன்று வகை. நிறைகளும் மூன்று. ஆனால் வகைக்கு ஒரு நிறை என்ற பொருத்தம் கிடையாது. வகை உறுதியாக உள்ள நியூட்ரினோ, மூன்று நிறைநிலைகளின் கலவை. அந்த மூன்றும் வழியில் வெவ்வேறு வேகத்தில் தம் கட்டத்தை மாற்றிக்கொள்வதால் கலவை மாறுகிறது. மியூவான் வகையாகப் புறப்பட்டது டௌ வகையாகப் பதிவாகலாம். இங்கே கூட்டப்படுபவை நிகழ்தகவுகள் அல்ல. அலைகளைப் போல ஒன்றையொன்று அழிக்கவும் வளர்க்கவும் கூடிய எண்கள். கூட்டி முடித்த பிறகுதான் வர்க்கம் எடுத்து நிகழ்தகவைக் காண்கிறோம். இந்த உருமாற்றத்தைக் கண்டறிந்ததற்கே கஜிதாவுக்கும் மெக்டொனால்டுக்கும் 2015இல் நோபல் பரிசு. இந்தக் கணக்கு ஆண் போட்டாலும் பெண் போட்டாலும் ஒன்றுதான். பெண்ணியம் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கணக்கைச் சரிபார்க்க எதைக் கட்டுகிறார்கள், எங்கே கட்டுகிறார்கள் என்பதில் தொடங்குகிறது.

எங்கள் ஊரிலிருந்து உத்தமபாளையம், தேவாரம் வழியாக வடக்கே போனால் பொட்டிபுரம் வரும். அங்குள்ள மலைக்குள் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பீடு சுமார் 1,500 கோடி ரூபாய். சுமார் 2 கி.மீ. சுரங்கப்பாதை, அதன் முடிவில் குகை, குகைக்குள் காந்தமாக்கப்பட்ட 50,000 டன் இரும்பு. மற்ற காஸ்மிக் கதிர்களைத் தடுத்து நிறுத்த, தலைக்கு மேலே 1 கி.மீ.க்கும் அதிகமான பாறை. காந்தப்புலம் மியூவானின் மின்னேற்றத்தைக் காட்டிக்கொடுக்கும். அதிலிருந்து வந்தது நியூட்ரினோவா, எதிர்நியூட்ரினோவா என்று தெரியும். பூமியைத் துளைத்து வரும்போது இரண்டும் வெவ்வேறு விதமாக உருமாறுவதை ஒப்பிட்டு, மூன்று நிறைகளில் எது கனம், எது லேசு என்ற வரிசையைக் கண்டுபிடிக்கலாம். அழகான கேள்வி. இன்றும் எனக்கு அது பிடித்த கேள்விதான். 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் மீண்டும் அனுமதி கிடைத்தது. 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தது.

ஒப்புதல் வந்த அந்த வருடம் நான் எம்.எஸ்ஸி. மாணவி. நியூட்ரினோவால் கதிர்வீச்சு வரும், திராட்சைப் பந்தல் கருகிவிடும் என்றெல்லாம் பேச்சு. மலையடிவாரத்தில் இருந்த தோழியின் ஊருக்கு நானாகவே விளக்கம் சொல்லப் போனேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் கோயில் மேடையில் உட்கார்ந்து கேட்டார்கள். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ நம் நகத்தளவு இடத்தை நொடிக்கு 6,000 கோடிக்கும் மேல் துளைத்துப் போகிறது, ஆதிகாலம் தொட்டுப் போகிறது, ஒன்றும் ஆகவில்லை என்றேன். நான் சொன்னது உண்மை. அவர்களும் நம்பினார்கள்.

ஆடு மேய்க்கும் ஒரு பெரியம்மா மட்டும் கேட்டார்: "அது உடம்புக்கு ஒண்ணும் செய்யாதுங்கிற, சரித்தா. வெடி வைக்கிறப்ப நான் ஆட்ட எந்தப் பக்கமா ஓட்டிட்டுப் போறது?"

"அது எனக்குத் தெரியாது பெரியம்மா. அதெல்லாம் வேற ஆளுங்க பாக்குறது" என்றேன்.

அவர் எழுந்து போய்விட்டார். வதந்தியை முறியடித்த பெருமையோடு நான் ஊர் திரும்பினேன். பல வருடம் கழித்துப் பராட்டை வாசித்தபோதுதான் அன்று செய்தது என்னவென்று புரிந்தது. கருவியைச் சுற்றி நான் ஒரு கோடு போட்டேன். இரும்பு உள்ளே, பாறை உள்ளே, மேய்ச்சல் பாதை வெளியே. என்னை யாரும் போடச் சொல்லவில்லை. படித்த பாடமே அந்தக் கோட்டைக் கைக்குப் பழக்கியிருந்தது.

இதைக் காட்டிக்கொடுத்த நூலிடம்தான் என் முதல் குறையும். சுருட்டு உதாரணத்தில் பராட் கண்டுபிடிக்கும் வறுமை, நல்ல சுருட்டு வாங்க முடியாத ஒரு விஞ்ஞானியின் வறுமை. நம் நிலத்தில் நியூட்ரினோவின் கதை கோலார் தங்க வயலில் தொடங்குகிறது. வளிமண்டல நியூட்ரினோவின் தடம் 1965இல் அங்கே பதிவானது, சுமார் 2.3 கி.மீ. ஆழத்தில். அவ்வளவு ஆழத்தை இயற்பியலாளர்கள் வெட்டவில்லை. தங்கத்துக்காக வெட்டப்பட்ட பள்ளம் அது. வெட்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு போன்ற பகுதிகளிலிருந்து போன தமிழ் தலித் தொழிலாளர்கள். பாறைத்தூள் அவர்கள் நுரையீரலில் சிலிக்கோசிஸாகப் படிந்தது. இருமும் கணவனுக்கு இரவெல்லாம் விழித்திருந்த பெண்களின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஸ்டெர்னின் மூச்சு கருவியின் பகுதி என்றால், இந்த மூச்சு?

பராட் தொழிற்கூடத்தை மறந்தவர் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கல்கத்தா சணல் ஆலையைப் பற்றிய லீலா பெர்னாண்டசின் ஆய்வை எடுத்துக்கொண்டு, வர்க்கமும் பாலினமும் சாதியும் தொழில்தளத்தில் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று நீளமாகவே பேசுகிறார். ஆனால் நூலில் ஆலை ஓர் அத்தியாயம், அணுச்சோதனை வேறோர் அத்தியாயம். கோலாரில் ஆய்வகமும் சுரங்கமும் ஒரே பள்ளம். அந்த இரண்டு அத்தியாயங்களையும் சேர்த்து எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

பெயர்களை மீட்பது மட்டும் இதற்குப் போதாது. விபா சௌத்ரி 1940களின் தொடக்கத்தில் டி.எம். போஸுடன் டார்ஜிலிங் மலைகளில் ஒளிப்படத் தகடுகளை வைத்துக் காஸ்மிக் கதிர்த் துகள்களைத் தேடியவர். போர்க்காலத்தில் தரமான தகடுகள் கிடைக்கவில்லை. மேம்பட்ட தகடுகளோடு அதே வழியில் போன செசில் பவலுக்கு 1950இல் நோபல் கிடைத்தது. விபா பின்னாளில் கோலார் சோதனைகளிலும் பங்கெடுத்தார். 2019இல் ஒரு விண்மீனுக்கு அவர் பெயர் வைத்தார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் விபாவை உள்ளே சேர்த்துவிட்டு, பள்ளம் வெட்டியவரின் மனைவியை வெளியே நிறுத்தினால், கோடு கொஞ்சம் நகர்ந்திருக்கிறதே தவிர, அதைப் போடும் கை மாறவில்லை.

இரண்டாவது குறை மொழியில் இருக்கிறது. பொருள்கள் முன்னமே தனித்தனியாக இருந்து பிறகு உறவாடுவதில்லை, உறவுக்குள்தான் உருவாகின்றன என்பது பராட்டின் வாதம். எலக்ட்ரானுக்கு அதை ஏற்கிறேன். ஆனால் அந்த மேய்ச்சல் பாதை ஆய்வகத்தோடு உறவு ஏற்பட்டபோது உருவானதல்ல. அவர் மாமியார் நடந்த பாதை. மேலும், செயலாற்றல் எல்லாவற்றிலும் பரவிக் கிடக்கிறது என்று சொல்லும்போது அவருடைய வாக்கியங்களில் எழுவாய் கரைந்துவிடுகிறது. கோடு 'போடப்படுகிறது'. தமிழில் இந்தச் செயப்பாட்டுவினை நமக்கு நன்றாகப் பழக்கம். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டும் அறிவிப்புகள் இப்படித்தான் பேசும்: 'நிலம் எடுக்கப்படுகிறது', 'பொதுமக்களுக்குத் தெரிவிக்கப்படுகிறது'. யார் எடுத்தது, யாரிடம் தெரிவித்தது என்று கேட்டால் அந்த வாக்கியத்திடம் பதில் இல்லை. பொறுப்பைப் பற்றி பராட் அக்கறையோடு எழுதுகிறார். பொறுப்புக்கு ஒரு பெயரும் கையெழுத்தும் வேண்டும் என்பது எங்கள் பக்கத்து அனுபவம்.

அதற்காக நூலைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. கருவி எங்கே முடிகிறது என்று கேட்கக் கற்றுக்கொடுத்தது அதுதான். என் வகுப்பில் ஸ்டெர்ன்-கெர்லாக் பாடம் வரும்போது சுருட்டைப் பற்றியும் சொல்கிறேன், கோலாரைப் பற்றியும் சொல்கிறேன். பிறகு பாடநூலில் உள்ள ஏதாவது ஒரு கருவியின் படத்தைக் காட்டி, இதற்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று கேட்கிறேன். மாணவிகள் சொல்வதைக் கரும்பலகையில் எழுதி முடிக்க நேரம் போதுவதில்லை.

அந்தப் பெரியம்மா இன்று கேட்டாலும் என்னிடம் பதில் இருக்காது. ஆனால் வேறு ஆள் பார்ப்பார் என்று சொல்ல மாட்டேன். எந்தப் பாதை, எந்த மாதம், எத்தனை ஆடு என்று கேட்டு, நியூட்ரினோ கணக்கு எழுதிய அதே நோட்டில் குறித்துக்கொள்வேன்.