முகம் காட்டாத மகள்கள்

லண்டனில் உள்ள விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் லேடி கிளமென்டினா ஹாவர்டன் எடுத்த 775 போட்டோக்கள் இருக்கின்றன. 1939-இல் அவருடைய பேத்தி மியூசியத்துக்குக் கொடுத்தவை. நிறைய படங்களுக்கு மூலை இருக்காது. குடும்ப ஆல்பத்தில் ஒட்டியிருந்ததைப் பிய்த்தோ வெட்டியோ எடுத்ததில் வந்த சேதம் அது. மியூசியத்தின் இணையதளத்தில் இவற்றைக் கொஞ்ச நாளாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சொந்தப் பிள்ளையைப் படம் எடுப்பது என்றால் என்ன என்கிற கேள்விக்கு, இதைவிடப் பொறுமையாகப் பதில் சொன்ன இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

முதலில் ஆள் யார் என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1822-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கணவருக்கு 1856-இல் பட்டமும் சொத்தும் வந்தன. அயர்லாந்தில் டண்ட்ரம் என்ற ஊரில் இருந்த அவர்களுடைய எஸ்டேட்டில்தான் 1857 வாக்கில் கேமராவைக் கையில் எடுத்தார். 1859-இல் குடும்பம் லண்டனுக்கு வந்தது. தெற்குக் கென்சிங்டனில் பிரின்சஸ் கார்டன்ஸ் வீட்டின் முதல் மாடி அறைகளே அவருடைய ஸ்டூடியோ. பத்துப் பிள்ளைகள் பிறந்து எட்டுப் பேர் தங்கினார்கள். 1865 ஜனவரியில், 42 வயதில், நிமோனியாவில் இறந்துபோனார். ஆக மொத்தம் ஏழெட்டு வருடம்தான் படம் எடுத்திருக்கிறார்.

காசுக்குப் படம் எடுத்தவர் கிடையாது, அமெச்சூர். ஆனால் அந்தக் காலத்து லண்டனில் அமெச்சூர் என்றால் அரைகுறை என்று அர்த்தமில்லை. லண்டன் போட்டோகிராபிக் சொசைட்டி 1863 கண்காட்சியில் அவருக்கு வெள்ளிப் பதக்கம் கொடுத்தது, அடுத்த வருடமும் கொடுத்தது. அவர் கையாண்டது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியனை ஊற்றி, சில்வர் நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படத்தை எடுத்துக் கழுவிவிட வேண்டும். மொத்தமே சில நிமிடங்கள்தான். விரல் கறுத்துப்போகும், ஈதர் நெடி தலையைச் சுற்றும். எதிரில் நிற்கிற பிள்ளை பல விநாடிகள் அசையாமல் நிற்க வேண்டும். ஆயிரம் வேலை இருக்கிற வீட்டில் இதைச் செய்து, நூற்றுக்கணக்கில் பிரதி போட்டிருக்கிறார்.

இந்தப் படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் சட்டென்று வந்து நிற்கிற இடம் 'தாயன்பு'. எனக்கு அது போதவில்லை. அன்பு தகட்டில் பதியாது, சென்சாரிலும் பதியாது. வெளிச்சம் மட்டும்தான் பதியும். ரோலாண் பார்த் 1980-இல் வந்த தன் போட்டோகிராபி நூலில், தன் அம்மா சிறுமியாக இருந்தபோது எடுக்கப்பட்ட ஒரு படத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். அந்தப் படத்தை மட்டும் நூலில் அச்சிடவில்லை. மற்றவர்களுக்கு அது ஏதோ ஒரு பழைய படமாகத்தான் தெரியும் என்பது அவர் சொன்ன காரணம். பெற்றவர்கள் எடுக்கிற படங்களுக்கும் இதே சிக்கல்தான். நமக்கு உயிராக இருக்கிற படத்தை அடுத்த வீட்டுக்காரர் "நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டு நகர்த்திவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாம் பார்க்கிற பாதி நம் மனசில் இருக்கிறது, படத்தில் இல்லை.

அப்படியென்றால், 160 வருடத்துக்கு முந்தைய யாரோ ஒரு அம்மாவின் பெண்கள் முன்னால் நான் ஏன் நின்றுவிடுகிறேன்?

படங்களில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அறை பெரும்பாலும் காலி. நாற்காலி மேசையெல்லாம் ஓரங்கட்டப்பட்டிருக்கும். சுவரில் நட்சத்திரம் போட்ட காகிதம். உயரமான ஜன்னல்கள், அதற்கு வெளியே பால்கனி, அதற்கும் அப்பால் மங்கலாக எதிர்வீடுகள். ஆளுயரக் கண்ணாடி ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. மூத்த பெண்கள் மூவர், இசபெல்லா கிரேஸ், கிளமென்டினா, ஃபுளோரன்ஸ், அதிகம் வருகிறார்கள். பதின்வயது. ஒருத்தி ஜன்னலில் சாய்ந்து வெளியே பார்க்கிறாள். ஒருத்தி கண்ணாடி முன் நிற்கிறாள். அவளுடைய பிம்பம் நம் பக்கம் திரும்பியிருக்கும், அவள் திரும்பியிருக்க மாட்டாள். இருவர் இருந்தால் ஒருத்திக்கு முதுகு, இன்னொருத்திக்குப் பக்கவாட்டு. ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழும், மறு கன்னம் இருட்டில் போய்விடும். சிரிப்பு அநேகமாக எங்கேயும் இல்லை.

சுருக்கமாகச் சொன்னால், இந்தப் பெண்கள் முகத்தை முழுதாகக் கொடுப்பதில்லை. அம்மா அதை வாங்க முயன்றதாகவும் தெரியவில்லை.

இதைத் தொழில்நுட்பத்தின் தலையில் கட்டலாம். பல விநாடி சிரித்துக்கொண்டே நிற்க முடியாது, அதனால் சிரிப்பில்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். பக்கவாட்டு ஜன்னல் ஒளிதான் இருந்தது, அதனால் ஒளியைப் பார்த்துத் திரும்பினார்கள். பாதிதான் ஒப்புக்கொள்வேன். ஏனென்றால் அதே அறையில், அதே வெளிச்சத்தில், கேமராவை நேராகப் பார்க்கிற படங்களும் இருக்கின்றன. எடுக்கத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் வேறு பக்கம் போயிருக்கிறார்.

என் வாசிப்பு இதுதான். பெற்றவர்களுக்குப் பிள்ளையைப் பற்றி மற்ற எவரையும்விட அதிகம் தெரியும். அதனாலேயே, தனக்குத் தெரியாத ஒரு பகுதி அந்தப் பிள்ளைக்குள் வளர்ந்துவருவதும் அவர்களுக்குத்தான் முதலில் உறைக்கும். பதினான்கு, பதினைந்து வயதில் இது தினசரி நடக்கிற சங்கதி. "என்னடி யோசிக்கிற?" "ஒண்ணுமில்ல." அந்த 'ஒண்ணுமில்ல'வைத்தான் ஹாவர்டன் படம் எடுத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜன்னலில் நிற்கிற பெண் என்ன நினைக்கிறாள் என்று நமக்குத் தெரியாது, எடுத்தவருக்கும் தெரியாது. ஆனால் அவள் ஏதோ நினைக்கிறாள் என்பது மட்டும் சத்தியம். அந்நியனான நான் நின்றுவிடுவது அந்த இடத்தில்தான். அங்கே அம்மாவுக்கும் எனக்கும் ஒரே தூரம்.

இதற்கு நேர் எதிராகத் தெரிகிற ஒருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த சாலி மேன், தன் மூன்று பிள்ளைகளையும் எட்டுக்குப் பத்து அங்குலப் பெரிய கேமராவில் எடுத்து, 1992-இல் 'இமீடியட் ஃபேமிலி' என்ற புத்தகமாகப் போட்டார். பிள்ளைகளின் நிர்வாணம் இருந்ததால் பெரிய சர்ச்சையானது. எந்தப் படம் வெளியே போகக் கூடாது என்று சொல்லும் உரிமையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தார். சிறு வயசுப் பிள்ளை சொல்கிற 'சரி'க்கு எவ்வளவு எடை என்கிற வாதம் இன்றும் ஓயவில்லை, ஓயவும் கூடாது. நான் இங்கே சொல்ல வருவது 1989-இல் எடுத்த 'கேண்டி சிகரெட்' பற்றி. மகள் ஜெஸ்ஸி மிட்டாய் சிகரெட்டை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு நம்மை நேராகப் பார்க்கிறாள். பார்வை நேராக இருக்கிறதே ஒழிய, அவள் உள்ளே விடவில்லை. பெரிய மனுஷி வேஷம் போட்டு, அந்த வேஷத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள். பக்கத்தில் தங்கை முதுகைக் காட்டி நிற்கிறாள். 130 வருட இடைவெளியில் இரண்டு அம்மாக்கள் வெவ்வேறு வாசல் வழியாக ஒரே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். பிள்ளை தன்னை மறைத்துக்கொள்ள இடம் விட்ட படங்களே இருவரிடமும் பலமானவை.

ஹாவர்டனிடம் எல்லாமே சரி என்று சொல்ல மாட்டேன். மாறுவேடப் படங்களில் பல எனக்குச் சலிப்பாக இருக்கின்றன. உடை பேசுகிறது, பெண் பேசுவதில்லை, துணி மாட்டுகிற பொம்மை மாதிரி ஆகிவிடுகிறாள். இன்னொரு நெருடலும் உண்டு. கண்காட்சிக்கு அனுப்பியபோது அவர் வைத்த தலைப்பு 'வாழ்விலிருந்து பயிற்சி' என்கிற மாதிரி பொதுவானது. மகளின் பெயர் இல்லை. பெற்ற பெண்ணைக் களிமண்ணாக எடுத்துக்கொள்கிற கலைஞரின் குரூரம் கொஞ்சம் அதில் இருக்கிறது. தலையைத் திருப்பச் சொன்னதே அம்மாவாக இருக்கலாம். கால் கடுக்க நின்ற அலுப்பைத்தான் நான் யோசனை என்று படிக்கிறேனோ என்னவோ.

ஆனாலும் அந்தப் பெயரில்லாத தலைப்பை இன்றிலிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. இன்று பிள்ளையின் முகம், பெயர், பிறந்த நாள், பள்ளிச் சீருடை எல்லாம் ஒரே படத்தில் ஊருக்கே போய்விடுகிறது. அவரோ பார்வையாளர்களுக்கு ஒளியையும் நிற்கிற தோரணையையும் கொடுத்தார். யார் என்பதை வீட்டு ஆல்பத்தில் வைத்துக்கொண்டார். என் கண்ணுக்கு அது நியாயமான பங்கீடு.

சொந்தப் பிள்ளையைப் படம் எடுக்கிற அமெச்சூரிடம் இருக்கிற பெரிய சொத்து லென்ஸ் கிடையாது. ஒரே ஆளை, ஒரே ஜன்னலில், வருடக்கணக்கில் பார்க்கக் கிடைக்கிற நேரம். காசு வாங்குகிற போட்டோகிராபருக்கு ஒரு மணி நேரம்தான், அதற்குள் முகம் கிடைத்தாக வேண்டும். அதனால்தான் "இங்க பாரு, சிரி" என்கிறார். பெற்றவர்களுக்கு அந்த அவசரம் இல்லை, ஆனாலும் நாமும் அதையேதான் சொல்கிறோம். பிள்ளை சிரிக்கிறது. நாற்பது படம் எடுத்து, கண் மூடியதையும் தலை திரும்பியதையும் அழித்துவிட்டு, நேராகச் சிரிக்கிற ஒன்றை வைத்துக்கொள்கிறோம். அந்தச் சிரிப்பு நமக்காகச் செய்து கொடுத்தது.

என் மகளுக்கு ஒன்பது வயது. அவள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிற படங்களைத் தனி ஃபோல்டரில் போட்டுவைத்திருக்கிறேன். எண்ணிக்கையில் அவைதான் அதிகம். எதைப் பார்க்கிறாள் என்று பல படங்களில் எனக்கே தெரியாது. ஒருநாள் அவளே அந்த ஃபோல்டரைத் திறந்து, இது இருக்கட்டும், இது வேண்டாம் என்று சொல்வாள். அதுவரை அவை என் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது.