வெள்ளிக்கிழமையை அறிந்த நிரல்

யுனிக்ஸில் 'காலண்டர்' என்றொரு கட்டளை உண்டு. பெல் ஆய்வகத்தின் 1979ஆம் ஆண்டு ஏழாம் பதிப்பிலேயே அது இருந்தது. அதே பெயரில் ஓர் உரைக்கோப்பைத் திறந்து, தேதியும் விஷயமுமாக வரிக்கு ஒன்று எழுதிவைத்தால் போதும். கட்டளையை அடித்ததும் இன்றைக்கும் நாளைக்கும் உரிய வரிகள் மட்டும் திரையில் விழும். ஒன்றுமில்லாத நாளில் ஒன்றும் வராது. அந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனால் மனம் சொக்குவது வெள்ளிக்கிழமைகளில்தான். அன்று ஓட்டினால் திங்கள்வரைக்குமான வரிகளைக் காட்டிவிடும். திங்கள் காலையில் கட்டவேண்டிய பணம் வெள்ளியன்றே கண்ணில் படவேண்டுமென்று யோசித்திருக்கிறார்கள். அதைச் செய்த விதம் இன்னும் அழகு. சி மொழியின் ஸ்விட்சில் வெள்ளிக்கு ஒரு கேஸ், சனிக்கு ஒன்று, மற்ற நாட்களுக்கு டீஃபால்ட். மூன்றிலும் ஒரே வேலை: ஒரு நாளைக் கூட்டு, அச்சிடு. ஒரு கேஸை அங்கேயே நிறுத்தும் பிரேக் நடுவில் எங்கும் கிடையாது. வெள்ளியில் நுழைந்தால் சனி வழியாகக் கடைசிவரை வழிந்து மூன்று நாள் கூடும், சனியென்றால் இரண்டு, செவ்வாயென்றால் ஒன்றே. சி கற்பவர்கள் பிரேக்கை விட்டுவிட்டுத் திண்டாடும் அதே இடத்தை இங்கே கைத்திறனாக்கியிருக்கிறார்கள்.

அந்த சி நிரல் நம் கோப்பைத் தொடுவதுகூட இல்லை. தேதிகளுக்கான தேடல் வடிவத்தை எழுதிக் கொடுப்பதோடு சரி, தேடுவது ஈகிரெப். எல்லாப் பயனர்களுக்கும் அனுப்பவேண்டுமென்றால் மெயில். இவற்றைக் கோக்க ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட். குறைகளையும் கையேடே சொல்லிவிடுகிறது: அஞ்சலில் நினைவூட்டல் வேண்டுமானால் உங்கள் கோப்பை எல்லாரும் படிக்கும்படி திறந்துவைக்கவேண்டும்; திங்கள் விடுமுறையா என்பதும் அதற்குத் தெரியாது. '12/7' என்றால் டிசம்பர் 7. நாளை முன்னால் எழுதிப் பழகிய நம் கைக்கு அது கொஞ்சம் இடறத்தான் செய்யும்.

பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் கிளையின் வழியில் வந்த பிந்தைய வடிவங்களுக்கு ஈஸ்டர் தெரியும், மே மாத இரண்டாம் ஞாயிறு தெரியும். ஃப்ரீபிஎஸ்டியில் அமாவாசை, பௌர்ணமியையும் அதுவே கணக்கிடும். அது பார்ப்பது வானியல் கணத்தை. சூரிய உதயத்தில் நிற்கும் திதியை அல்ல. அதனால் சஷ்டியையும் பிரதோஷத்தையும் பஞ்சாங்கம் பார்த்து நானே தமிழில் வரிகளாக எழுதிச் சேர்க்கிறேன். உரிய நாளில் அவை எழுதியபடியே வந்து நிற்கின்றன.