அச்சக் கதைகளும் அவற்றின் நிலைபேறும்

மக்கள் வாய்மொழியாகப் போற்றிவந்த கதைகளுள் இன்ப முடிவுடையன பலவாயினும், நெஞ்சை விட்டகலாது நிற்பன பெரும்பாலும் இருள் செறிந்தனவே. மூத்தோர் அவற்றைச் சொல்லினர். இளையோர் அஞ்சிக்கொண்டே மேலும் கேட்க விழைந்தனர். அச்சமும் விருப்பமும் இவ்வாறு ஒருங்கே நிகழ்வதற்குக் காரணம் யாது? நல்லதங்காள் கதையை முதன்மையாகக் கொண்டு இதனை ஆராய்வாம்.

பெரிய எழுத்துப் பதிப்புகளாலும் கூத்தாலும் நாடறிந்த இக்கதையைச் சுருங்கக் கூறின் போதும். பன்னீராண்டுப் பஞ்சத்தால் நலிந்த நல்லதங்காள் தன் ஏழு மக்களுடன் தமையன் நல்லதம்பியின் இல்லத்தை நாடி வருகிறாள். தமையன் வீட்டிலில்லை. அண்ணி மூளி அலங்காரி கதவை அடைக்கிறாள். பசியும் இழிவும் தாங்காத தாய், மக்களை ஒவ்வொருவராகப் பாழுங்கிணற்றில் எறிந்து தானும் வீழ்கிறாள். தமையன் மனைவியைத் தண்டித்துத் தானும் மாய்கிறான். தெய்வ அருளால் மாண்டோர் மீண்டனர் என முடிக்கும் வழக்கும் உண்டு. ஆயினும் கேட்டோர் நெஞ்சில் நிற்பது கிணறேயன்றி மீட்சியன்று.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டென வகுத்து, அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்கள் கூறினார். இந்நான்கும் இக்கதையில் ஒன்றன்பின் ஒன்றாய் அடுக்கி வருகின்றன. பஞ்சம் வறுமை; செல்வநிலை கெட்டு ஊர்பெயர்தல் அசைவு; அடைத்த கதவு இளிவு; கிணறு இழவு. அச்சத்துக்கோ அவர் கூறிய களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன. இவற்றுள் ஒன்றேனும் நல்லதங்காளை அச்சுறுத்தவில்லை. அவளை அழிப்பது உறவு. புலவர் வகுத்த நான்கினுள் அடங்காத இவ்வைந்தாம் அச்சத்தைப் பாமரர் கதை கண்டுரைத்தது. அதன் ஆற்றல் ஈண்டே தொடங்குகிறது எனலாம்.

ஜேர்மனியக் கதைகளைத் தொகுத்த கிறிம் சகோதரரும் இவ்வச்சத்தை எதிர்கொண்டனர். 1812 ஆம் ஆண்டின் முதற்பதிப்பில் வெண்பனி மகளைக் கொல்ல ஏவியவள் பெற்ற தாயே. 1819 ஆம் ஆண்டுப் பதிப்பில் அவள் மாற்றாந்தாயாக்கப்பட்டாள். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் காலணியணிந்து அவள் ஆடிச் சாகும் தண்டனையையோ அவர்கள் நீக்கினாரல்லர். கொடுமை பொறுக்கத்தக்கது, தாயின் கொடுமை பொறுக்கத்தகாதது என அவர்கள் கருதினர் போலும். நம் கதையும் பழியை அண்ணிமேல் ஏற்றுகிறது. எனினும் பிள்ளைகளை எறியும் கை தாயின் கையே. அதனை மாற்றின் கதையே இல்லை.

இனி, இக்கதை கிழக்கிலங்கையில் எங்ஙனம் பொருந்துகிறதென நோக்குவோம். கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர ஊர்களில் வீடு மகளுக்குச் சீதனமாகும். மணமகனே மனைவி வீடு புகுவான். தமிழர், முஸ்லிம்கள் இருசாராரிடத்தும் நிலவும் இவ்வழக்கையும் தாய்வழிக் குடிமுறையையும் மானிடவியலறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008 இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்துள்ளார். இங்குத் தங்கை தமையன் வாயிலில் நிற்க வேண்டுவதில்லை, வீடு அவளுடையது. அங்ஙனமாயின் இக்கதை இங்கு வலுவிழக்க வேண்டுமன்றோ? இழந்திலது. வீடு யாருடையதாயினும், இல்லாமை வந்தபோது உறவின் கதவு திறக்குமோ என்னும் ஐயம் எவர்க்கும் பொதுவானது.

2004 ஆம் ஆண்டு திசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இவ்வையத்தை மெய்யாக்கியது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது முதலிய ஊர்களில் ஒரு முற்பகலில் வீடுடையோர் வீடற்றோராயினர். திறந்த கதவுகள் பல. தயங்கித் திறந்தனவும் சில. பின்னொருகால் இக்கதையை வகுப்பிற் சொல்ல நேர்ந்தபோது, இழப்புற்ற பிள்ளைகள் இருத்தல் கருதி யான் கிணற்றை விடுத்துச் சொன்னேன். முடித்ததும் ஒரு மாணவி எழுந்து, “சேர், கிணத்த விட்டுட்டீங்களே. எங்கட உம்மம்மா அதையும் சொல்லுவா” என்றாள். அவளைக் காப்பதாக எண்ணிய யான், என்னையே காத்துக்கொண்டேன் என்பதை அன்று உணர்ந்தேன்.

குழந்தையின் உள்ளத்தே உருவின்றிக் கிடக்கும் அச்சங்களுக்குக் கதை உருவளிக்கிறது எனப் புரூனோ பெற்றல்ஹைம் 1976 இல் வெளியான நூலில் வாதித்தார். அது உண்மையே, ஆயினும் முழுமையன்று. நம் கதைகள் தனியொருவர் உள்ளத்துக்கு மட்டும் உரியனவல்ல. பஞ்சத்தில் நாம் ஒருவர்க்கொருவர் யாதாவோம் என ஊரார் கூடிக் கேட்கும் வினாவே அவை.

குறைகளும் கூறற்பாலன. மனைக்குள் நிகழ்ந்த தீமை முழுவதையும் ஒரு பெண்மேல் ஏற்றி, கணவனைக் கதை எளிதில் விடுவிக்கிறது. தமையனின் பழிவாங்கல் துயரை மிகுவிப்பதன்றி விளக்குவதில்லை. கிணற்றை ஒரு வழியெனக் காட்டும் இடரும் உண்டு. ஆசிரியன் அதனைக் கடந்துசெல்லலாகாது. கதவைத் தட்டத்தக்க வேறு வீடு இருந்ததா என மாணவரைக் கேட்பித்தல் வேண்டும்.

திருமறையின் 12 ஆவது அத்தியாயமும் கிணற்றில் எறியப்பட்ட ஒருவரின் வரலாறே. இறைவாக்கைக் கதையோடு ஒப்பிடுதல் என் நோக்கமன்று. வரலாறுகளுள் அழகியது என அது தன்னைக் கூறிக்கொள்வதை நினைவூட்டுதலே நோக்கம். உடன்பிறந்தாரின் வஞ்சமும் அழுதழுது பார்வையிழந்த தந்தையும் அங்கு மறைக்கப்படவில்லை. கிணற்றைக் கூறியதனாலன்றோ யூசுப் நபியின் மன்னிப்புப் பெருமை பெறுகிறது?

இருட்கதைகள் நிலைபெறுவது கொடுமையில் மாந்தர்க்குள்ள வேட்கையாலன்று. அண்மையோர் கைவிடக்கூடும் என்னும் உண்மையை, அண்மையோர் குரலிலேயே, அவர் மடியிலிருந்து கேட்கும் பேறு அவற்றால் வாய்க்கிறது. கைவிடப்பட்டாள் கதையைக் கைவிடாதாள் ஒருத்தி சொல்கிறாள். அச்சத்துக்கு மருந்து அதுவே என்க.