சந்தேகத்தின் மறுகரையில் ஒரு தாய்

2022-இல் மறைந்த ஆங்கில எழுத்தாளர் சூசி ஸ்டைனரின் 'பெர்சன்ஸ் அன்நோன்' (2017), கொலைப்புதிரைவிட ஒரு வீட்டின் கலக்கத்தையே ஆழ்ந்து நோக்கும் குற்றப்புதினம்.

காவல்துறைத் துப்பறிவாளர் மானோன் பிராட்ஷா கருவுற்றிருக்கிறாள். தத்தெடுத்த கறுப்பினச் சிறுவன் ஃபிளை, இலண்டன் தெருக்களில் காவலரின் ஐயப்பார்வைக்கு இரையாகலாகாது என்றெண்ணிக் கேம்பிரிட்ஜ்ஷயருக்குக் குடிபெயர்கிறாள். அங்கும் ஒரு கொலை நிகழ்கிறது. பழி அவன்மீதே விழுகிறது. விசாரணையை அவளுடைய சகாக்களே நடத்த, அவளோ விலக்கி நிறுத்தப்படுகிறாள்.

பிறர் வீட்டுக் கதவைத் தட்டியே பழகியவள், தன் வீட்டுக் கதவு தட்டப்படும்போது என்ன செய்வாள்? கடமையையும் தாய்மையையும் சமன்செய்து காட்டும் எளிய வழியை ஆசிரியர் நாடவில்லை. மகன் குற்றமற்றவன் என்று நம்ப அவளிடம் சான்று இல்லை, பாசமே உண்டு. சான்றை மட்டுமே நம்பி வாழ்ந்தவளுக்கு இதைவிடக் கடுஞ்சோதனை ஏது?

இலண்டன் செல்வந்தர் உலகைச் சித்திரிக்கும் பகுதிகளில் இந்த உயிர்ப்பு இல்லை என்பது குறையே. எனினும், நாளேட்டில் 'சந்தேகத்தின் பேரில் கைது' என்னும் வரியைப் படித்து எளிதாகக் கடந்துசெல்லும் நம்மை, அவ்வரிக்குப் பின்னால் நிற்கும் தாயின் முகத்தை ஒரு கணம் நோக்கவைக்கிறது இப்புதினம்.